நிலைக் கட்டம்

பவானிசாகரில், மீன் ஏலம் கலைகிற சாலையில்
எங்கள் ஐஸ் கம்பெனி.
பேரேட்டில் ஐந்து கட்டம்:
தேதி, வண்டி, பாளம், தொகை,
கடைசியாக நிலை.
நல்லது, உடைசல், இரண்டில் ஒன்று போதும்
என்றிருந்தார் முதலாளி.

ஒரு வாரம் அப்படித்தான் எழுதினேன்.
அப்புறம் ஒருநாள்
தகரக் கூட்டிலிருந்து வழுக்கி வந்த பாளத்தில்
பச்சைத்தண்ணி பட்டதும்
படக்கென்று உள்ளே ஒரு கோடு ஓடிற்று.
உடையவில்லை. கிளை பிரிந்து நின்றது.
'வேர் விட்டது' என்று எழுதினேன்.

கை நிற்கவில்லை அதற்குப் பிறகு.
நடுவில் காற்றடைத்து வெளுத்தது: வாழைக்குருத்து.
கரண்ட் ஒழுங்காயிருந்த இரவில் உறைந்தது: கண்ணாடி.
போய்ப்போய் வந்த இரவில்: சோகை.
முனை போனது: மூளி.
உமிக்குள் கிடந்து நாலு பக்கமும் தேய்ந்தது
சந்தையில் விற்காத சோப்பு மாதிரி இருந்தது,
அதை அப்படியே எழுத இடம் பத்தவில்லை.
உப்புத்தொட்டி கசிந்து கரித்த பாளத்தை
மீன்காரர் நக்கிப் பார்த்துத் துப்பினார்.
'அழுதது' என்று எழுதி, அடித்துவிட்டு,
'உப்பு' என்று எழுதினேன்.

கொக்கி போட்டு இழுக்கிற மாரக்காள்
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
"ஏனுங் கணக்கு, இத்தன பேரு வெச்சா
தொட்டிலும் கட்டோணுமுங்."
பிறகு உள்ளங்கையை விரித்தாள். கன்றிச் சிவந்திருந்தது.
"மொதல்ல கடிக்குமுங். அப்பறம் சுடும்.
அதுக்கும் அக்கட்டால போனா
கை யாருதோ."
அது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

கத்திரி முடிய ரெண்டு நாள் இருக்கையில்
ராத்திரி பதினொன்றுக்கு ஒரு டெம்போ.
மீன் பெட்டி இல்லை, நாற்றமில்லை.
லுங்கி கட்டிய ஒருவர் இறங்கி
"ஊர்ல கரண்ட் இல்லீங்.
பொட்டி ஓடமாட்டேங்குது. தம்பி காலைல
துபாயிலிருந்து வரோணும்" என்றார்.
யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.
மாரக்காள் டார்ச் அடித்து
பாளம் பாளமாய் உள்ளே பார்த்தாள்,
குருத்தே இல்லாத மூன்றைத் தேர்ந்தெடுத்துச்
சாக்கில் சுற்றி ஏற்றிவிட்டாள்.
வேண்டாமென்றும் தொகையைத் திணித்துவிட்டுப் போனார்.

தேதி எழுதினேன். வண்டி. மூன்று. தொகை.
பேனா அங்கேயே நின்றது.
வண்டி நின்ற இடத்தில் கிடந்த ஈரம்
நான் பார்த்துக்கொண்டிருக்கவே
ஓரத்திலிருந்து சுருங்கியது.

திங்கட்கிழமை கணக்குப் பார்த்த முதலாளி
காலியாயிருந்த கட்டத்தைக் கண்டு
தன் பேனாவை எடுத்து
'நல்லது' என்று நிரப்பினார்.