செவ்வாய்க்கிழமை, ஏழு மணி, பின்வாசல்

பதினெட்டு ஆண்டுகள் டிராம் ஓட்டியவள் நான்.
இந்த ஷ்செச்சின் நகரத்தின் நிறுத்தங்களை
கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வேன்.
கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதும் உண்டு.
அதனால்தான் இப்போது
பயணச்சீட்டு வாங்கி
பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மருத்துவமனையில் மடித்துக் கொடுத்த தாளில்
பதினோரு முகவரிகள்.
ஒன்று ஒத்துவராவிட்டால் அடுத்ததற்குப் போங்கள், ஹலீனா,
என்றாள் நர்ஸ்,
செருப்புக் கடையில் அளவு பார்ப்பவளைப் போல.

முதலாவது ஒரு தேவாலயத்தின் நிலவறை.
மெழுகு வாசனை. ஈரச் சுவர்.
கடவுள் தங்களைத் தூக்கி நிறுத்தியதை
ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.
என் முறை வந்தபோது,
என்னைத் தூக்கி நிறுத்தியது
இரண்டு போலீஸ்காரர்கள் என்றேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டாவதில் எல்லோரும் சிரித்தார்கள்.
கப்பல் தளத்து ஆண்கள்,
எங்கெங்கிருந்து விழுந்தோம் என்று
போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள்:
ஜன்னலிலிருந்து, படகிலிருந்து,
சொந்தக் கல்யாண மேடையிலிருந்து.
அவர்கள் கதையில் சிந்திய வோட்கா
என் நாக்கின் அடியில் ஊறியது.
வெளியே வந்து
நேரே கடைக்குத்தான் போனேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவதில், கதவருகே,
என் மகனின் கணக்கு ஆசிரியர்.
அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.
கழிப்பறை தேடி வந்தவர்கள் போல
ஆளுக்கொரு திசையில் நடந்தோம்.
அன்றைக்கு அவருடைய கூட்டமும்
என்னால் போயிற்று.

நான்காவது முகவரியில் இப்போது டயர் கடை.

ஐந்தாவதில் நல்லவர்கள்.
பொய்யில்லை, நல்லவர்கள்தான், கேக் கூட வைத்திருந்தார்கள்.
ஆனால் எல்லோருக்கும்
தங்கள் துக்கம் மனப்பாடமாக இருந்தது,
எங்கே மூச்சு விட வேண்டும் என்பது உட்பட.
எனக்கோ வாயைத் திறந்தால்
அடுத்த நிறுத்தத்தின் பெயர்தான் வரும்.

பிறகு இது. பிப்ரவரி.
ஓத்ரா ஆற்றின் மேலிருந்து வந்த காற்று
என்னைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டது.
உள்ளே பத்துப் பேர், வட்டமாக.
சத்தமே இல்லை. ஜெபமோ என்று நினைத்தேன்.
பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருத்தி
கைகளால் காற்றில் எதையோ கழுவினாள்,
பிழிந்தாள்,
நெஞ்சிலிருந்து பிடுங்கி எறிந்தாள்.
மற்றவர்கள் கண்கொட்டாமல் பார்த்திருந்தார்கள்.

தாளை விரித்தேன்.
ஆறாவது முகவரிக்குக் கீழே, பொடி எழுத்தில்:
காது கேளாதோருக்கு.

எழுந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது.
எனக்கு மட்டும்தான் கேட்டது.
யாரோ ஒரு தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்து
உள்ளங்கையால் காற்றை மெல்லக் கீழே அழுத்தினார்:
உட்கார்.

ஒன்றும் புரியவில்லை.
ஆனால் அந்தக் கிழவர்
(லுட்விக் என்ற பெயர் பிறகுதான் தெரிந்தது)
பேசத் தொடங்கியபோது
விரல்கள் நடுங்கின. சொற்களே நடுங்கின எனலாம்.
ஒரு சைகையைப் பாதியில் விட்டு,
ஒரு கையால் மறு கையைப் பிடித்து நிறுத்தி,
முதலிலிருந்து ஆரம்பித்தார்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.
அந்த மொழி எனக்குத் தெரியும்.
அதிகாலை ஐந்து மணிக்கு, டெப்போவில்,
சாவித் துளையைத் தேடிய என் கை
அதைத்தான் பேசியது.

பச்சை ஸ்வெட்டர்காரி என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினாள்.
எனக்குக் காது கேட்கும் என்று சொல்ல
வாயைத் திறந்தேன். மூடினேன்.
அப்புறம், எத்தனையோ மாதங்களாக
மேசைக்கடியிலும் கோட்டுப் பைகளிலும்
ஒளித்துத் திரிந்த இரண்டையும் வெளியே எடுத்து
விளக்கின் கீழே நீட்டினேன்.
என்னைக் கேட்காமலே
அவை பேசின. நெடுநேரம்.

முடித்தேன் என்று எப்படித் தெரிந்ததோ,
பத்துப் பேரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி
விரல்களைப் படபடவென்று அசைத்தார்கள்.
அதுதான் அவர்களின் கைதட்டல் என்று
அன்றைக்கு எனக்குத் தெரியாது.
என்னோடு சேர்ந்து
நடுங்குகிறார்கள் என்றே நினைத்தேன்.