இருபத்தேழு பங்கு

கானாடுகாத்தான் வீட்டுக்கு
இருபத்தேழு பங்காளிகள்.
போன தையில், ஒரே முகூர்த்தத்துக்கு,
இரண்டு பேர் அதை வாடகைக்கு விட்டார்கள்;
ஒருவர் கோலாலம்பூரில் இருந்துகொண்டு,
ஒருவர் கோவையில்.
விடியற்காலை நாலரைக்கு
இரண்டு சமையல்காரர்கள்
ஒரே அடுப்பின் முன்னால்
கரண்டியும் கையுமாக நின்றார்கள்.

எங்கள் தொழிலில் இதற்கொரு பெயர் உண்டு என்றேன்:
இரண்டு இழைகள், ஓரிடம், ஒரே கணம்.
பெரி. அரு. சாத்தப்பன் சொன்னார்:
"பேரு கெடக்கு. நிறுத்திக் குடு."

அதனால்தான் ரஸ்ட்.
ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர்
என்று கறாராய் நிற்கும் மொழி.
பார்க்க மட்டுமென்றால்
எத்தனை பேரும் இரவல் வாங்கலாம்.
மாற்றவென்றால் ஒருவர்தான்;
அவர் திருப்பித் தரும்வரை
மற்றவர் எட்டிப் பார்க்கவும் கூடாது.
இதைப் போய் இந்த ஊருக்குக் கொண்டுவந்தேன்.

பங்குக்கும் வழி இருக்கிறது அதில்:
கைகளை எண்ணிக்கொண்டே இருக்கும் ஓர் உறை.
கடைசிக் கை விலகியதும்
உள்ளே இருப்பதை இடித்துவிடும்.
இதைச் சாத்தப்பனிடம் சொல்லவில்லை.

மொழி ஒரு ராத்திரியில் முடிவானது.
ஃபிரேம்வொர்க்தான் ஆகவில்லை.

செக்காலை ரோடு, எவர்சில்வர் கடை மாடி,
பதினோரு நாள், நானும் சோலையப்பனும்.

ராக்கெட் அழகு.
ஃபங்ஷனின் நெற்றியில் பொட்டு வைப்பதுபோல்
வழியை எழுதிவிடலாம்.
(ஃபங்ஷன் என்றால் சாத்தப்பனுக்குப் பந்தி.)
ஆனால் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில்
பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

ஆக்டிக்ஸ் ஓட்டக்காரன்.
வினாடிக்கு இத்தனை லட்சம் என்று
அட்டவணைகளில் மார்தட்டுவான்.
எங்களுக்கு வரப்போவது
நாளுக்குப் பதினாலு, ஆவணியில் முப்பது.
சோலைக்கு அதுதான் வேண்டும்.
பெரியார் சிலையிலிருந்து கல்லுக்கட்டிக்குப் போக
புல்லட் வைத்திருப்பவன் அவன்.

ஆக்சம் அதிகம் பேசாது.
தவறினால் மட்டும்
நாற்பது வரி புலம்பும்.
முழுதும் படித்தால், குற்றம் என் வரிசையில்:
உடலை விழுங்குகிறவர்
கடைசியில் உட்கார வேண்டுமாம்.
நான் முதல் இலையில் உட்கார வைத்திருந்தேன்.

கம்பைல் போட்டுவிட்டுக் கீழே இறங்கி
டீ குடித்து, அதே டீக்கு அரசியல் பேசி,
மேலே வந்தால்
முந்நூற்றுப் பன்னிரண்டில்
இருநூறு முடிந்திருக்கும்.
அப்போது பார்த்துக் கரண்டு போகும்.

"வேகமெல்லாம் இருக்கட்டும்,
நீங்க ரெண்டு பேரும் ஊர்ல இல்லாதப்ப
இத யாரு தெறந்து பாப்பா?"
சாத்தப்பனின் கவலை, சாவிக் கவலை.

அதனால் தேவகோட்டை ஜெசிந்தாவைக் கூப்பிட்டோம்,
கடைசி வருடம், ரஸ்ட் ஆறு மாதப் பழக்கம்.
மூன்றிலும் அதே பதிவை எழுதி,
மூன்றிலும் ஒவ்வொரு பிழை புதைத்து,
அறையைச் சாத்திவிட்டு வந்தோம்.
எதில் திணறுகிறாள் என்று பார்த்து
மற்றதை எடுப்பதாகத் திட்டம்.

மூன்றையும் சரிசெய்துவிட்டாள்.
பிறகு மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள்:
"ஆனா அக்கா,
ஒரே தேதிய ரெண்டு பேர் எடுக்கறத
இதுல எதுவுமே தடுக்கலையே?
அது டேட்டாபேஸ் வேலைதானே?"

சோலை என்னைப் பார்த்தான்.
நான் கீபோர்டில் இல்லாத தூசியைத் தட்டினேன்.

அட்டவணையில் ஒரு வரி:
வீடும் தேதியும் சேர்ந்து
ஒரு முறைக்கு மேல் வராது.
எழுத நாற்பது வினாடி.
இடையில் நின்ற கரண்டு திரும்பியபோது
எந்த ஜன்னல் முதலில் திறந்ததோ
அதையே எடுத்துக்கொண்டோம். ஆக்சம்.
கேட்பவர்களுக்குச் சொல்ல
மூன்று பக்கக் காரணம் வைத்திருக்கிறேன்.

வைகாசி முகூர்த்தம்.
கோலாலம்பூர் முதலில் பதிந்தது.
நாலு நிமிடம் கழித்துக் கோவை.
நானூற்று ஒன்பது என்றது சர்வர்;
திரையில் தமிழில்:
"இந்தத் தேதி முடிந்துவிட்டது."

சாத்தப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டு
இரண்டு தடவை படித்தார்.
"சரியாத்தான் இருக்கு.
கொஞ்சம் மரியாதையாச் சொல்லச் சொல்லு.
கோவைக்காரர் மூத்த பங்காளி."