பதினோராவது குண்டு

ககுதாவில் பிப்ரவரி. ஆற்றின் மேல் மூடுபனி
இன்னும் எழுந்து போகவில்லை.
பம்பைத் திறந்து, பேரிங்கைப் பிரித்து,
பதின்மூன்று குண்டுகளையும் வெள்ளைத் துணியில்
வரிசையாக வைக்கிறாள் குவஹாரா ஒரியே.
மற்றவை வெள்ளி.
பதினோராவது மட்டும்
அடிப்பிடித்த பாலின் நிறம்.

எண்ணெய் ஆகாத இடம் இது.
ஒரு சொட்டு போதும், திரவ ஆக்சிஜன்
எஃகையே விறகாக்கிவிடும்.
அதனால் குண்டுகளுக்கு வழுக்கல் தருவது
அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு.
தன்னைத் தேய்த்துத் தேய்த்து
தேய்ந்ததை அவற்றின் மேல் பூசும்,
நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றில்,
மூச்சும் கல்லாகும் குளிரில்.

"குளிர்விக்கும் ஓட்டம் போதவில்லை" என்கிறான் தாகேயாமா.
"நூற்று ஆறாவது நொடியில் திரவம் ஆவியாகிவிட்டது."
அதிர்வு வரைபடத்தில் விரல் வைக்கிறாள் இசேகி:
"தொண்ணூறிலேயே கூண்டு தள்ளாடுகிறது, பாருங்கள்."
பேரிங் செய்த கம்பெனியிலிருந்து வந்தவர்
ஒன்றும் சொல்லவில்லை.
தங்கள் முத்திரை பதிந்த வளையத்தை
கண்ணாடி போட்டுப் பார்க்கிறார்,
கழற்றிப் பார்க்கிறார்.

ஒரியே அளக்கிறாள். நாலு மைக்ரான் சிறுத்திருக்கிறது.
சிறுத்த குண்டு மற்றவற்றோடு நடை சேராது,
கூண்டை இடிக்கும்.
இடிபட்ட கூண்டு உதிரும், உதிர்ந்தது வழியை அடைக்கும்,
அடைத்தால் சூடு, சூட்டில் குண்டு மேலும் சிறுக்கும்.
எங்கிருந்து தொடங்கினாலும்
அவர்கள் மூவரும் சொல்வது சரிதான்.
படிவத்தில் 'காரணம்' என்று
ஒரே ஒரு கட்டம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின்
உள்வளையத்தை நுண்ணோக்கியின் கீழ் திருப்புகிறாள்.
தடத்தின் ஓரம், குண்டு ஏறாத இடத்தில்
மெல்லிய துரு.
கோடு கோடாக. வளைந்து.
ஒன்றுக்குள் ஒன்றாக.

ஜூலை. அடைமழை. உலர்த்தும் கருவி
இரண்டு நாள் பழுது.
கோர்த்தவர்கள் ஐந்து பேர்,
கையுறை கிழிந்தது யாருக்கு என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
அவள் கையுறை ஒன்று கிழிந்தது.
அது அந்த வாரமா, அடுத்த வாரமா?

தாகேயாமா திரும்பி வரும்போது
படிவம் வெறுமையாகக் கிடக்கிறது.
முத்திரைக்கான சிவப்பு மைப்பெட்டி திறந்திருக்கிறது.
முத்திரை அதன் உறையிலேயே இருக்கிறது.
ஒரு வெள்ளைத் தாளில் தன் கட்டைவிரலை
மெல்ல உருட்டிக்கொண்டிருக்கிறாள்,
இடமிருந்து வலமாக.

"கதவைச் சாத்தாதே" என்கிறாள்,
"மற்றவர்களும் வரட்டும்."