மூலம் என்ற கட்டம்

கிருஷ்ணகிரி மலைச்சரிவில்
தண்ணீர்த் தொட்டியின் தலைமேல் ஒரு பெட்டி.
இரவும் பகலும் காற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும்.
அதன் வாயில் வைத்த வெள்ளை வட்டத்தை
மாற்றுவது என் வேலை. ஒப்பந்தம்தான்,
நாளுக்கு அறுநூறு ரூபாய், டார்ச் என்னுடையது.

மாலை ஆறிலிருந்து பத்துவரை ஒரு வட்டம்.
பத்திலிருந்து விடியும்வரை இன்னொன்று.
முதலாவது சாம்பலாக வரும். வரட்டும்,
மார்கழி மாதம், லண்டன்பேட்டை முழுக்க வெந்நீர் அடுப்பு.
இரண்டாவது வெளுத்தல்லவா வரவேண்டும்?
ஊர் அடங்கிவிட்டது, அடுப்புகள் அவிந்துவிட்டன.
வந்ததோ டிக்காஷன் நிறத்தில்,
பீடி பிடிப்பவன் விரல்நுனி போல.

புகார் ஓபுளம்மா கடைமேல்.
ராயக்கோட்டை மேம்பாலத்தடியில் களியும் போட்டிக் குழம்பும்.
காய்ப்பு நின்ற பெங்களூரா மாமரம்தான் விறகு.

"ஒம்பதரைக்கே தண்ணி தெளிச்சு அணைச்சிடறேன் சார்.
நேத்து கொடியில மறந்த சேலைய
காலையில மோந்து பாத்தேன்.
மாங்கட்ட வாசமே இல்ல.
என்னமோ தித்திப்பா, மருந்தாட்டம்.
அது என் புகையில்ல."

பாதி சரி.

மரத்தை மரமாகக் கட்டி நிறுத்திய பசை
தீயில் உடைந்து
கொயக்கால், கேட்டக்கால் என்று
பெயர் நீண்ட பங்காளிக் கூட்டமாகப் புகையோடு ஏறும்.
குளிர்ந்த இரவில் ஊர்மேல் ஒரு மூடி விழும்,
மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர்.
தாண்ட முடியாமல் புகை
மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும்.
ஓசூர்ப் பக்கமிருந்து இறங்கும் லாரிகளின் மூச்சும் அங்கேதான்.
பகலில் மிஞ்சிய ஓசோன்
அந்த மூச்சை ஒருமுறை தொட்டு
மறுமுறை தொட
பிறக்கும் ஒன்று:
ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன்,
துணையில்லாத ஓர் எலக்ட்ரான்.
வெயிலில் பத்து நொடி தாங்காது.
இருட்டில் அதற்குக் கைகால் முளைக்கும்.
அடுப்பு அணைந்த பிறகு
நெருப்பே இல்லாமல்
புகையை இரண்டாம் முறை எரிக்கும்.
சாம்பல் மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும்,
விடிந்ததும் வெளிச்சத்தில்
நீலத்தைப் பொறுக்கித் தின்னும்.

இதைச் சொல்லி முடிப்பதற்குள்
களி ஆறிவிட்டது.
குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றி
"அப்ப ராத்திரி மூணு மணிக்கு
அது யாரு புகை?" என்றாள்.
விக்கியதால் பதில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் 'மூலம்' என்று ஒரு கட்டம்,
ஒற்றை வரிக்கு மட்டும் இடம்.
எழுத்தைச் சிறுத்து எழுதினேன்:
மாங்கட்டை, லாரி, இரவு.

பொறியாளர் இரவை அடித்தார்.
"இரவுக்கு எப்படிப்பா நோட்டீஸ் அனுப்புவே?"
லாரியைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
ராஜஸ்தான் நம்பர், கேரள நம்பர்,
இந்நேரம் எந்தச் சுங்கச்சாவடியோ.
அதையும் அடித்தார்.
மாங்கட்டைக்குக் கதவு எண் இருந்தது.

இன்றைக்கும் பத்து மணிக்குத் தொட்டி ஏறினேன்.
மேம்பாலத்தடியில் விளக்கில்லை, அடுப்பில்லை.
வெள்ளை வட்டத்தை வைத்து மூடினேன்.
கீழே, ஒன்றன் வாலை ஒன்று மோந்தபடி,
லாரிகள்.