மான் தின்ற வரி

கச்சேரி அறிவித்தல் பலகையில்
மானுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவிட்டேன்.
பிழை என்னுடையதுதான்.
கோதுமை மாப் பசை.
கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையம், மீன் சந்தை, கோயில் வீதி
எல்லாம் மேய்ந்து வருகிறவற்றுக்கு
சட்டம் தெரியாது, மாவின் ருசி தெரியும்.

காலையில் தாளின் அடிவரி இல்லை.
மேலே எல்லாம் அப்படியே:
பயணித்தவர், எங்கள் உறுப்பினர்.
இடம், பூசான் துறைமுகம்.
பெப்ரவரி பதினொன்று முதல் பதினைந்து வரை.
செலவைப் பொறுத்தது,
கொட்டியாரக் குடாவில் மணல் அள்ள
அனுமதி கேட்டிருக்கும் கம்பனி.
நோக்கம், கற்றல்.
தொகை, எண்ணிலும் எழுத்திலும்.
மான் தின்றது ஒற்றை வரி:
உடன் சென்ற பணியாளர்.
அதாவது, நான்.

மறைக்காமல் சொல்கிறேன்,
முதலில் வந்தது நிம்மதி.
வெட்கம் அடுத்த பஸ்ஸில்தான் வந்தது,

மூதூர் பஸ்ஸில்,
மரிய கொரற்றியோடு.
கரைவலைச் சங்கத்துப் பொருளாளர்.
கடன் கொப்பி வாசிக்கிற மாதிரி
விரலை வைத்து வாசித்தாள்.
தொகையில் விரல் நிற்கும் என்று பார்த்திருந்தேன்;
அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தேன்.
விமானம், ஹோட்டல், இராப்போசனம்,
எல்லாவற்றையும் சும்மா தாண்டிப் போன விரல்
திகதிக்குத் திரும்பி வந்து நின்றது.

"பதின்மூண்டு இதுக்குள்ள வருது.
அண்டைக்கு நாப்பது பேர்
உங்கட கந்தோர் வாசலில நனைஞ்சுகொண்டு நிண்டனாங்கள்.
நீங்கள்தானே போனில சொன்னது,
ஐயா கொழும்பில, கூட்டத்தில எண்டு."

பூசானில் அப்போது மத்தியானம்.
கண்ணாடிக்கு வெளியே பாரந்தூக்கிகள்.
கம்பனிக்காரர் என் தட்டில் மீன் வைத்தார்.
வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான்
பொய் சொன்னேன்,
மரியாதைக்காக.

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
"அங்கே குளிரும், போடுங்கள்" என்று
தந்த சட்டைக்கும் இல்லை.
உவர்மலை வீட்டில் ஆணியில் தொங்குகிறது,
முப்பத்துநாலு பாகை வெயிலில்
தோள் விரித்தபடி,
உள்ளே இன்னும் ஆரோ நிற்கிற மாதிரி.

"கீழ கிழிஞ்சிருக்கு, ஆர்?" என்றாள்.
மான் என்றேன்.
உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதையல்ல.
தலையை ஆட்டிவிட்டு
ஒன்பதரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நுஸ்ரத் ஜன்னலுக்குள் இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள்.
கிண்ணியாக்காரி, அறிவித்தல்களுக்குப் பொறுப்பு.
"உயர ஒட்டுங்க, மான் எட்டாது" என்றாள்.
உயர்த்திப் பிடித்துப் பார்த்தேன்.
மானுக்கு எட்டாது.
கொரற்றிக்கும் எட்டாது.
நான் கையை இறக்கியதைப் பார்த்தவள்
ஒன்றும் சொல்லாமல் மேசை லாச்சியைத் திறந்து
வேப்பெண்ணெய்ப் போத்தலை நீட்டினாள்.
வேறு எதற்கோ வைத்திருந்தது.

திரும்பவும் தட்டச்சு செய்தேன்.
உடன் சென்ற பணியாளர்: இ. கருணேந்திரன்.
அதன் கீழே, இடம் இல்லாத இடத்தில், பேனாவால்:
குளிர்ச்சட்டை ஒன்று, கருநீலம், பெற்றவர் மேற்படி ஆள்.
பதின்மூன்றாம் திகதி தொலைபேசியில் சொன்னது
சரியல்ல.
"சரியல்ல" என்பதை வெட்டினேன்.
பொய் என்று எழுத
ஏனோ எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது.

பழைய உயரத்திலேயே ஒட்டினேன்.

பின்னேரம் ஒரு கிளைக்கொம்பன் வந்தது.
மூக்கை என் பெயரில் வைத்து மோந்தது.
தும்மியது.
போய்ப் பக்கத்திலிருந்த
கேள்விப் பத்திரம் கோரும் விளம்பரத்தைத்
தின்னத் தொடங்கியது.

கழுவியும் கையில் கசப்பு நாறுகிறது.
மூதூர் பஸ் நாளைக்கு எட்டரைக்கு.