இடது காது

தாளில் அவளுக்குப் பெரிய பெயர்.
மூன்று தலைமுறை, பதினான்கு கட்டங்கள்,
ஊதா முத்திரை.
வீட்டில் அவள் உப்பு.
ராஜபாளையத்து வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு,
தூக்கம் அண்ணன் காலடியில்.

ஏற்காட்டிலிருந்து கிளெமென்ட் போன் செய்தார்:
"என் டியூக்குக்கு நாலு வயசு.
ரத்தம் பாத்தாச்சு, சொறி கிடையாது, இடுப்பு எக்ஸ்ரே சுத்தம்.
உங்க பொண்ணுக்கு மூணாவது பருவம்தானே?
வந்து தாளை ஒத்துப் பாருங்க."

சிவதாபுரத்தில் வெள்ளி வாங்கும் எங்களுக்குத்
தாளை நம்பிப் பழக்கமில்லை.
கட்டியின்மேல் எண்பது என்று அடித்திருந்தாலும்
ஓரத்தில் சுரண்டி, உருக்கிப் பார்த்துத்தான்
டச்சு எழுதுவோம்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் பஸ்.
பன்னிரண்டாவது கொண்டை ஊசியில் காது அடைத்துக்கொண்டது.
கண்டக்டரின் வாய் மட்டும் அசைந்தது.
எச்சில் விழுங்கினேன்.
இஞ்சின் சத்தத்தோடு எல்லாம் திரும்பி வந்தது.

மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
டியூக் நின்றான், பனியில் பாதி கரைந்து.
கைப்பையில் ஒரு ஜோடி கொலுசு வைத்திருந்தேன்.
பின்னால் போய், நிழல் விழாமல்
இடப்பக்கம் குலுக்கினேன். இடப்பக்கம் திரும்பினான்.
வலம். வலம்.
"இது என்ன, கொலுசுக்காரங்க டெஸ்டா?"
கிளெமென்ட் சிரித்தார்.

இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து
பறக்காமலிருக்கக் காபி டம்ளரை வைத்தோம்.
அவனுடைய அப்பன்வழிப் பாட்டன் வீரன்.
உப்புவின் தாயைப் பெற்றவனும் வீரன்.
அதே பதிவு எண்.
இன்னொரு கட்டம் தள்ளிப் போனால்
அங்கே வீரனின் தங்கை.
"நல்ல ரத்தம்ங்க. அதான் திரும்பத் திரும்ப வருது."

நல்ல ரத்தம்.
அம்மாவை அவள் தாய்மாமனுக்கே கொடுத்தபோதும்
இதைத்தான் சொல்லியிருப்பார்கள்,
சொத்தையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல்
உப்புவின் பின்னால் நின்றேன்.
வலப்பக்கம் குலுக்கினேன், சரியாகத் திரும்பினாள்.
இடப்பக்கம் குலுக்கினேன்,
அப்போதும் வலப்பக்கமே திரும்பி
வெறுஞ்சுவரைப் பார்த்தாள்.
ஏழு முறை.
இரண்டு வருடமாகத் திமிர் என்று நாங்கள் திட்டியது
திமிர் இல்லை.

"ஒரு காது போதுங்க," என்றார் கிளெமென்ட்.
"வாங்குறவன் நிறம் பாப்பான், மூக்குப் பாப்பான்.
குட்டிக்கு இருபதாயிரம். எட்டுப் போட்டா கணக்குப் போடுங்க."
போட்டேன்.
எட்டில் எத்தனை சுவரைப் பார்க்கும் என்றும்
எத்தனைக்கு இரண்டு காதும் போகும் என்றும்.
பதினான்கு கட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதுவரைக்கும் சுலபம்.

பட்டறையில் பூபாலன் அண்ணன்
கொலுசுக்கு முத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
இந்தத் தெருவில் அவன் கைக்கு அடங்குவதுபோல்
யார் கைக்கும் சுடர் அடங்காது.
முடித்த கொலுசை ஆட்டி
ஒலியை விரல் நுனியில் வாங்கிப் பார்ப்பான்,
பிறந்ததிலிருந்து அவனுக்கு அங்கேதான் கேட்கும்.
ஊதுகுழலை வைத்துவிட்டுத்
தொட்டில் ஆட்டிக் காட்டினான்:
குட்டி எப்போது?

இல்லை என்றேன்.

ஏன்?

என் கை காதுவரை போனது.
பாதியில் நின்றது.
இரண்டு விரல்களைப் பின்னிக் காட்டினேன்:
சொந்தம். ஒரே ரத்தம்.

அவன் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு குனிந்து உப்புவின் இடது காதை மடித்துத் தடவி,
தன் காதைத் தொட்டு,
தெரியும் என்று தலையசைத்தான்.
குட்டியாக வந்த வாரத்திலிருந்தே தெரியும்.
எழுந்து தள்ளிப் போய்
குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினான்.
சுவர்ப்பக்கம் பார்த்திருந்தவள்
நேராக அவனிடம் போனாள்.

சுடரை மறுபடி ஏற்றினான்.
ராத்திரி சோற்றுக்கு உட்காரும்வரை
அவன் என் கைகளின் பக்கம் திரும்பவே இல்லை.