எண்ணெய்க் கசிவு

விமானபுராவில் எனக்கு இரண்டாம் ஷிப்ட்.
சோதனை மேடையில் ஓடும் ஒவ்வொரு எஞ்சினுக்கும்
கடைசிக் கையெழுத்து என்னுடையது.
காதடைப்பானையும் மீறி எலும்பில் கேட்கும் அதன் பேச்சு.
எது தும்மல், எது காய்ச்சல் என்று
பத்தொன்பது வருஷத்தில் பிடிபட்டுவிட்டது.

சனிக்கிழமை ஜப்பானிய வகுப்பு, தொம்மலூரில்,
பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
ஹிசாயோ டீச்சர் தந்த வீட்டுப்பாடம்
எட்டுப் பக்க ஜெராக்ஸ்:
அவர் அப்பாவின் அண்ணன், இசாமு,
வயது இருபத்திரண்டு,
போரின் கடைசி வசந்தம், தெற்குக் கரையில் ஒரு விமானத்தளம்.
"இலக்கணத்தை மட்டும் பார்" என்றார்.

முதல் பக்கத்தில் சக்கரவர்த்தி இல்லை.
சாக்ஸ் இருக்கிறது. இடது குதிகாலில் ஓட்டை.
சாகப் போகிறவன் அதைத் தைப்பது
ஒழுக்கமா வீண்வேலையா என்று
அரைப் பக்கம் யோசித்து,
தைத்துவிட்டான்.

மலர், மலை, நன்றிக்கடன், புன்னகை
எல்லாம் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில்.
அது மேலதிகாரி படித்து அனுப்பும் கடிதம்.
மறுநாள் நோட்டில்:
"பூவைப் பற்றி நன்றாகவே எழுதிவிட்டேன்.
அம்மா நம்பாமல் இருக்கட்டும்."

இந்த வாரம் இங்கே தபேபுயா.
படமெடுத்துப் போட்டு சகுரா என்கிறார்கள்.
எங்கள் கேட்டில் காவல்காரர்
அதை முறத்தில் அள்ளிக் கொட்டுகிறார்.
உதிர்வதில் வீரம் எதையும் நான் பார்க்கவில்லை.
காம்பு விட்டுவிடுகிறது.

"விருப்பமுள்ளவர் ஓர் அடி முன்னால் வரலாம் என்றார்கள்.
பக்கத்தில் நின்றவன் கால் நகர்ந்தது. என் காலும்.
இருபத்தாறு நாளாய் அந்தக் காலையே யோசிக்கிறேன்.
அது என்னைக் கேட்கவில்லை."

கடைசி வாக்கியத்தில் எழுவாய் எது, டீச்சர் கேட்டார்.
கால், என்றேன்.
சரி, என்று சொல்லிவிட்டு
ஜன்னல் பக்கம் போனார்.

பிறகு புறப்பாடு. திரும்புதல்.
கடல்மேல் நாற்பது நிமிஷம்,
முன்கண்ணாடி முழுக்கக் கறுப்பு எண்ணெய்.
மறுபடி புறப்பாடு. மறுபடி எண்ணெய், அதே சிலிண்டர்.
மூன்றாம் முறையும்.
உன் எஞ்சினுக்கு மட்டும் உயிர்மேல் ஆசையோ,
அதிகாரி கேட்டாராம்.
சோறு போடுபவன் முகம் பார்ப்பதில்லை.
கூடப் போன ஐவரின் படுக்கைகள் மடித்தாயிற்று.
அவர்கள் விட்டுப்போனதற்கு இவன்தான் பட்டியல் எழுதினான்:
கைக்கடிகாரம், ஹார்மோனிகா, கடனாய் வாங்கிய ரேசர்,
அது என்னுடையது.

வயல்களை நேசித்தான். மேலிருந்து பார்த்ததை
இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான்.
எதிரிக் கப்பலில் இருப்பவர்களைப் பற்றி ஒரே வரி:
"இந்நேரம் அவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்."

இதற்குமேல் என்னால் வெறும் மாணவியாய் வாசிக்க முடியவில்லை.
ஒரே இடத்தில் மூன்று முறை எண்ணெய் கசியாது.
யாரோ நட்டை அரைச் சுற்று விட்டிருக்கிறார்கள்.
பயந்து திரும்ப வைக்கும், ஆனால் வீழ்த்தாது,
அந்த அரைச் சுற்று
கை தெரிந்தவனுக்குத்தான் வரும்.

மெக்கானிக்கின் பெயர் ஓனுகி.
நோட்டில் இரண்டே இடம். ஒன்று:
"ஓனுகி இறக்கையைத் துடைத்தபடி
என்னைப் பார்க்காமல் நின்றான்."
இன்னொன்று எட்டாம் பக்கம்:
"ராத்திரி ஓனுகியிடம் போனேன்.
நாளை நன்றாக முடுக்கு என்றேன்.
நான் திரும்பினால் பதினெட்டு வயதுக்காரன் ஒருவன் போகிறான்,
தரையிறங்கவே இன்னும் சரியாக வரவில்லை அவனுக்கு.
ஓனுகி ஸ்பானரைக் கீழே வைத்தான்.
கொஞ்ச நேரம் கழித்து எடுத்தான்."

அந்தப் பையன், என்று கேட்டேன்.
"அடுத்த வாரம்" என்றார் ஹிசாயோ டீச்சர்,
என் நோட்டில் ஒரு வேற்றுமை உருபைத் திருத்தியபடி.

இன்று ஓடிய எஞ்சினில் ஒரு சொட்டுக் கசிவில்லை.
அடித்தட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
இன்னொரு விரலும் வைத்தேன்.
"ரோஸலின் மேடம், எல்லா சரி இதியா?"
படிவத்தோடு நின்றான் மஞ்சப்பா.

சரியாத்தான் இருக்கு, என்றேன்.
பேனா மூடியைத் திறக்க
நேரமாயிற்று.